மாநில உரிமையா, அடிமை உடைமையா? 1850களில் அமெரிக்கா பிளந்த வழி

பழஞ்சுவடி எழுதியது:

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விளக்கங்களைக் கேட்கிறோம். அடிமைகளை விடுவிப்பதற்காக லிங்கன் போர் தொடுத்தார் என்பது ஒன்று. சுங்க வரிக்காகவும் மாநில உரிமைக்காகவும்தான் சண்டை நடந்தது, அடிமை முறை பிற்பாடு சேர்க்கப்பட்ட காரணம் என்பது இன்னொன்று. முதல் விளக்கம் நிகழ்வுகளை முன்பின்னாக்கிவிடுகிறது. 1861-இல் போர் மூண்டபோது லிங்கனின் அரசு அடிமை ஒழிப்பைத் தன் நோக்கமாக அறிவிக்கவில்லை. ஆனால் இந்த இழையில் நான் வாதிட விரும்புவது இரண்டாவது விளக்கத்தோடுதான். படித்தவர்களிடையேயும் அது வேரூன்றி வருவது எனக்குக் கவலை தருகிறது.

1850களில் கூட்டாட்சி அரசின் அதிகாரத்தைப் பிற மாநிலங்களின் மீது ஏவும்படி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தென் மாநிலத்து அடிமை உடைமையாளர்கள்தான் என்பது என் கருத்து. அந்த அதிகாரத்துக்கு எதிராக மாநில உரிமையைப் பேசியவை பெரும்பாலும் வட மாநிலங்கள். அதிகாரம் கைநழுவுகிறது என்று 1860 தேர்தல் காட்டியதும் தெற்கு பிரிந்தது.

இதற்கு முதற்சான்று 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம். மெக்சிகோவோடு 1846 முதல் 1848 வரை நடந்த போரில் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கே அடிமை முறை நுழையலாமா என்பதே நான்கு ஆண்டுகள் காங்கிரசை அலைக்கழித்த கேள்வி. செனட்டர் ஹென்றி கிளே முன்மொழிந்து, செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் துண்டு துண்டாகப் பிரித்து நிறைவேற்றிய 1850 சமரசத்தில் கலிபோர்னியா அடிமை முறையில்லாத மாநிலமாகச் சேர்ந்தது. அதற்கு ஈடாகத் தெற்குக்குக் கிடைத்தவற்றுள் மிகக் கடுமையானது இந்தச் சட்டம். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. நடுவர் குழு விசாரணையும் கிடையாது. வழக்கைக் கேட்கும் ஆணையர், அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலரும் விடுவித்தால் 5 டாலரும் கட்டணமாகப் பெறுவார். தப்பியவருக்கு அடைக்கலம் தந்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிடிக்கும் வேலைக்கு அழைத்தால் எந்தக் குடிமகனும் வந்து உதவியாக வேண்டும். அதாவது, அதுவரை அடிமை முறையைத் தொலைவிலிருந்து கேள்விப்பட்டுக்கொண்டிருந்த வடக்கத்தியர், இனி அதன் காவலராக வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது.

இச்சட்டம் ஒரு நகரத்தை என்ன செய்தது என்பதற்கு ஆன்டனி பர்ன்சின் வழக்கைப் பார்க்கலாம். வர்ஜீனியாவிலிருந்து தப்பி, பாஸ்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவந்த அந்த இளைஞரை 1854 மே 24 மாலை பிடித்தார்கள். நகைக்கடைத் திருட்டு என்று பொய் சொல்லிப் பிடித்து, நீதிமன்றக் கட்டடத்திலேயே அடைத்துவைத்தார்கள். இரண்டு நாட்களுக்குப் பின் கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்த கூட்டம் ஒன்று அவரை மீட்கக் கதவை உடைத்தது, உள்ளே காவலிலிருந்த ஒருவர் உயிரிழந்தார், மீட்பு கைகூடவில்லை. குடியரசுத் தலைவர் பியர்ஸ் படையினரை அனுப்பிவைத்தார். ஜூன் 2 அன்று ஆயிரக்கணக்கானோர் தெருவின் இருபுறமும் நின்று கூவ, கடைகளின் முகப்பில் கறுப்புத் துணி தொங்க, துப்பாக்கிகளும் பீரங்கியும் ஏந்திய படை நடுவே ஒரே ஒரு மனிதரைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றார்கள். வழியில் ‘சுதந்திரம்’ என்று எழுதிய சவப்பெட்டியொன்று தெருவின் மேலே கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

பாஸ்டனின் செல்வந்தத் துணி வணிகரான ஏமோஸ் லாரன்ஸ் அதுவரை சமரசத்தை ஆதரித்தவர். பழைய பாணி மிதவாதிகளாகத் தூங்கப் போன தாங்கள், வெறிகொண்ட அடிமை ஒழிப்பாளர்களாக விழித்தெழுந்ததாக அவர் எழுதினார். அவரைப் போன்ற ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளியது எந்தச் சுங்க வரி என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மேழி எழுதியது:

நண்பர் பழஞ்சுவடி அவர்களுக்கு, நீங்கள் விவரித்த காட்சி நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் ஒரு நகரத்தின் கோபத்தைக் கொண்டு ஒரு போரின் காரணத்தை நிறுவ முடியுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. தென் கரோலினா 1832-இலேயே கூட்டாட்சிச் சுங்கச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று தீர்மானம் போட்டு, குடியரசுத் தலைவர் ஜாக்சனோடு படைமோதலின் விளிம்பு வரை சென்றது. வெளிநாட்டுக்குப் பருத்தி விற்று, வெளிநாட்டுப் பொருளை வாங்கும் உழவு நாடு ஒருபுறம். ஆலைகளைப் பாதுகாக்க வரி கேட்கும் தொழில் நாடு மறுபுறம். இந்த முரண்பாடு கற்பனையன்று.

வடக்கு அறத்தின் பக்கம் நின்றது என்ற தோற்றத்தையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். லிங்கனின் சொந்த மாநிலமான இல்லினாய், வெளியிலிருந்து கறுப்பர்கள் குடியேறுவதையே தடுத்து 1853-இல் சட்டம் இயற்றியது. மாசச்சூசெட்சின் நெசவாலைகள் தென்னாட்டுப் பருத்தியில் ஓடின. நியூயார்க்கின் வணிகர்கள் அந்தப் பருத்தியின் கப்பல் வாடகையிலும் காப்பீட்டிலும் கடன் வட்டியிலும் செழித்தார்கள். மேலும், அடிமை மாநிலங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்திடம்தான் அடிமைகள் இருந்தார்கள். மற்ற மூன்று பங்கினர் எதற்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

பழஞ்சுவடி எழுதியது:

மேழி அவர்களே, வடக்கு தூயது என்று நான் சொல்லவில்லை. இல்லினாய்ச் சட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் சரி. வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1832-இன் சச்சரவு அடுத்த ஆண்டே வரிக் குறைப்பில் முடிந்தது. 1857-இல் இயற்றப்பட்ட சுங்கச் சட்டம் வரியை இன்னும் இறக்கியது; தென்னக உறுப்பினர்களே அதை விரும்பி ஆதரித்தார்கள். தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தபோது நடைமுறையில் இருந்தது அந்தக் குறைந்த வரிதான். வரியை உயர்த்திய மாரில் சட்டம் 1861 மார்ச்சில்தான் கையொப்பமானது. தென்னகத்து செனட்டர்கள் எழுந்து போய்விட்டதால்தான் அது செனட்டைத் தாண்டவே முடிந்தது. ஜார்ஜியாவின் பிரிவினை அறிவிப்பு வரி வரலாற்றைத் தொட்டுச் செல்கிறது. ஆனால் 1846 சட்டத்தோடு அந்தத் தகராறு தெற்கின் விருப்பப்படி தீர்ந்துபோனதாகவே அது சொல்கிறது.

தென் கரோலினா தன் பிரிவுக்கான உடனடிக் காரணங்களை விளக்கி வெளியிட்ட அறிவிப்பில் வரி பற்றிய புகாரே இல்லை. தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க மறுத்துச் சட்டம் இயற்றிய வட மாநிலங்களை அது பெயர் பெயராகப் பட்டியலிடுகிறது. தம் அடிமைகளை உடன் அழைத்துக்கொண்டு நியூயார்க் வழியாகச் செல்லும் உரிமையைக்கூட அம்மாநில நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன என்று குறைப்படுகிறது. நியூயார்க் தன் மண்ணில் தன் சட்டத்தை நடத்தியதுதான் அங்கே குற்றச்சாட்டு.

விஸ்கான்சினையும் சொல்லியாக வேண்டும். மிசூரியிலிருந்து தப்பிவந்த ஜோஷுவா குளோவர் என்பவரை 1854-இல் மில்வாக்கி மக்கள் சிறையை உடைத்து மீட்டார்கள். மீட்பைத் தூண்டிய பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத் கைதானபோது, தப்பியோடிய அடிமைகள் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1859-இல் அதைக் கவிழ்த்ததும், விஸ்கான்சின் சட்டமன்றம் மாநில இறைமையை முன்னிறுத்தி அத்தீர்ப்பை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில உரிமையே தெற்கின் கொள்கை என்றால் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் விஸ்கான்சினுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

நெய்தல் எழுதியது:

மேழி அவர்கள் ‘உழவு நாடு, தொழில் நாடு’ என்று பிரித்த இடத்தில் நான் நுழைய விரும்புகிறேன், ஏனெனில் அந்தப் பிரிவினையே கேள்விக்கு உட்பட்டது. ஓகையோவும் அயோவாவும் விஸ்கான்சினும்கூட உழவு நாடுகள்தாம். தெற்கை அவற்றிலிருந்து வேறுபடுத்தியது உழுதவர்கள் யாருடைய உடைமை என்பதுதான்.

1790-இன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர், 1860-இல் 39.5 லட்சம் பேர். இடையில் 1793-இன் பருத்தி அரைவை எந்திரம் வந்தது. கொட்டையோடு இறுகப் பிணைந்த குட்டையிழைப் பருத்தியைக் கையால் பிரிக்க நாள் முழுதும் ஆகிவந்த நிலை மாறியதும், கடலோரத்தை விட்டு உள்நாட்டின் கரிய மண்ணெங்கும் பருத்தி பரவியது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808 முதல் தடைப்பட்டிருந்ததால், வர்ஜீனியாவும் மேரிலாந்தும் மனிதர்களை மிசிசிப்பிக்கும் லூசியானாவுக்கும் விற்றன. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று சிதறிய குடும்பங்களின் எண்ணிக்கையை எந்த ஏடும் முழுமையாகப் பதியவில்லை. போருக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். அடிமைப்பட்டோரின் சந்தை மதிப்போ, நாட்டின் ரயில்பாதைகளையும் ஆலைகளையும் சேர்த்து மதிப்பிட்டாலும் அவற்றை விஞ்சி நின்றது. இப்படியொரு சொத்தின் எதிர்காலத்தைப் பற்றிய எந்தச் சட்டமும் அதன் உடைமையாளர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகத்தானே இருந்திருக்கும்!

(அந்தப் பருத்தியின் நிழல் நம் ஊர் வரை விழுந்தது. அமெரிக்கப் பருத்தியை மட்டுமே நம்பியிருக்க விரும்பாத கிழக்கிந்தியக் கம்பெனி, 1840களில் அமெரிக்கச் சாகுபடியாளர்களை வரவழைத்து, தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் அமெரிக்க ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தது. அதை இன்னொரு இழையில் பேசலாம்.)

எஞ்சிய மூன்று பங்கினரைப் பற்றிய கேள்வி நியாயமானது. முதலில், அந்த நான்கில் ஒன்று என்பது எல்லா அடிமை மாநிலங்களுக்குமான சராசரி. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் அடிமைகள் இருந்தார்கள். இல்லாதவர்களும் பருவத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். நாளை வாங்கலாம் என்று எண்ணினார்கள். உறவினர் வழியாகவும் கடன் வழியாகவும் பண்ணையாரோடு கட்டுண்டிருந்தார்கள். அதற்கும் மேலாக, எவ்வளவு ஏழையானாலும் வெள்ளையன் தனக்குக் கீழே ஒருவன் சட்டப்படி இருப்பதை உறுதியாகக் கண்டான். அந்த இரு மாநிலங்களில் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகளாக இருந்ததால், விடுதலை என்றாலே தங்கள் வீடு பற்றியெரியும் என்ற அச்சம் அவனுக்கு ஊட்டப்பட்டது. 1831-இல் வர்ஜீனியாவின் சவுத்ஹாம்ப்டனில் நாட் டர்னர் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, அடிமைகளுக்கு எழுத்தறிவு தருவதையும் அவர்கள் கூடித் தொழுவதையும் தடுக்கும் சட்டங்கள் தெற்கெங்கும் இறுகின.

இந்த அச்சம் வடக்கின் வாயையும் கட்டப் பார்த்தது. அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் பிரதிநிதிகள் அவை விவாதிக்கவே கூடாது என்ற விதி 1836-இல் வந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதுமையில் அந்த அவையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்து, எட்டு ஆண்டுகள் அந்த விதியோடு மல்லுக்கட்டி 1844-இல் அதை வீழ்த்தினார். கறுப்பர்களின் விடுதலையைப் பற்றிக் கவலைப்படாத பலரும், தாங்கள் மனுக் கொடுக்கும் உரிமையே பறிபோகிறது என்று உணர்ந்தது அப்போதுதான்.

கல்வெட்டு எழுதியது:

சட்டத் துறையில் இருப்பவன் என்ற முறையில், ட்ரெட் ஸ்காட் வழக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் சமரசத்துக்கு இன்னும் இடம் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ட்ரெட் ஸ்காட், எமர்சன் என்ற இராணுவ மருத்துவரின் அடிமை. மருத்துவர் அவரை மிசூரியிலிருந்து அடிமை முறை இல்லாத இல்லினாய்க்கும், பிறகு 1820-இன் மிசூரி உடன்பாட்டால் அடிமை முறை தடைசெய்யப்பட்ட வடக்கு ஆட்சிப்பகுதியில் (இன்னும் மாநிலமாகாத, கூட்டாட்சியின் கீழிருந்த நிலப்பகுதி) இருந்த ஸ்னெலிங் கோட்டைக்கும் அழைத்துச் சென்றார். அங்கேதான் ஸ்காட் ஹாரியட்டை மணந்தார். மிசூரிக்குத் திரும்பிய பின் 1846-இல் கணவனும் மனைவியும் செயின்ட் லூயி நீதிமன்றத்தில் விடுதலை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அது துணிச்சலான புதுமையன்று. சுதந்திர மண்ணில் வாழவைக்கப்பட்டவர் மீண்டும் அடிமையாக மாட்டார் என்று மிசூரி நீதிமன்றங்கள் அதற்கு முன் பல வழக்குகளில் தீர்ப்பளித்திருந்தன. 1850-இல் நடுவர் குழு ஸ்காட்டுக்கு ஆதரவாகவே முடிவு சொன்னது. ஆனால் 1852-இல் மாநில உச்ச நீதிமன்றம், காலம் முன்போல் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, தன் பழைய தீர்ப்புகளைக் கைவிட்டது. வடக்கின் கிளர்ச்சியைக் கண்டு எழுந்த எரிச்சல், ஒரு குடும்பத்தின் விடுதலையைத் தின்றது.

1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ரோஜர் டானி இரண்டு முடிவுகளை எழுதினார். ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் அடிமையானாலும் சுதந்திரரானாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. ஆகவே ஸ்காட்டுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே கிடையாது, எனவே மிசூரி உடன்பாட்டின் தடை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றும் அவர் அறிவித்தார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்டிஸ் ஆவணங்களைக் கொண்டே முதல் வாதத்தைத் தகர்த்தார். அரசமைப்பு ஏற்கப்பட்ட காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்குரிமை பெற்றிருந்தார்கள். அரசமைப்பை ஏற்றவர்களில் அவர்களும் அடங்குவர் என்று அவர் காட்டினார். அந்த ஆண்டே அவர் பதவி விலகினார்.

இரண்டு நாட்கள் முன்பு, மார்ச் 4 அன்று பதவியேற்ற குடியரசுத் தலைவர் புக்கானன், இக்கேள்வியை உச்ச நீதிமன்றம் விரைவில் தீர்க்கும், அது எதுவானாலும் தாம் மனமுவந்து ஏற்பதாகத் தம் உரையில் அறிவித்திருந்தார். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று நீதிபதிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்தால் அவருக்கு முன்னரே தெரியும். நீதித்துறையின் மீதான நம்பிக்கையை இதைவிட எப்படிக் குலைப்பது?

அடிமை முறை பரவுவதைத் தடுக்க வேண்டும் என்பதற்காகவே 1854-இல் தோன்றிய குடியரசுக் கட்சியின் கொள்கை இத்தீர்ப்பால் சட்டவிரோதமானது. ஆனால் அதைவிட ஆழமாகக் காயப்பட்டவர் ஸ்டீபன் டக்ளஸ். அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பது அவர் கொள்கை. காங்கிரசுக்கே இல்லாத அதிகாரம் அது படைத்த ஆட்சிப்பகுதிச் சட்டமன்றத்துக்கு எங்கிருந்து வரும்? வடக்கிலும் தெற்கிலும் வேரோடியிருந்த ஒரே பெரிய கட்சியான, டக்ளசின் ஜனநாயகக் கட்சி இந்தக் கேள்வியில்தான் பிளந்தது.

ஸ்காட் குடும்பம் அந்த ஆண்டு மே மாதம் புதிய உரிமையாளரால் விடுவிக்கப்பட்டது. ட்ரெட் ஸ்காட் சுதந்திர மனிதராக வாழ்ந்தது ஓராண்டும் சில மாதங்களும்தான், 1858-இல் மறைந்தார்.

மேழி எழுதியது:

கல்வெட்டு ஐயா அவர்களின் பதிவு மிகவும் பயனுள்ளது. ஆனால் அதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்தந்தப் பகுதி மக்கள் முடிவு செய்யட்டும் என்ற டக்ளசின் வழி மக்களாட்சிக்கு உகந்ததுதானே? இரு தரப்பும் அதை நேர்மையாக ஏற்றிருந்தால் போரைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா? தோற்றது கொள்கையா, அதை நடத்திய மனிதர்களா?

நெய்தல் எழுதியது:

மேழி அவர்களுக்கு, அந்த முடிவில் வாக்களிக்க முடியாதவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். யாருடைய உடலும் குழந்தைகளும் உழைப்பும் ஏலத்துக்கு வந்தனவோ அவர்களுக்கு அந்தத் தேர்தலில் இடமில்லை. அந்தக் குறையை ஒதுக்கி வைத்தாலும், கான்சாஸில் நடந்ததை மக்களாட்சி என்று அழைக்க என்னால் இயலாது.

கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1854 மே 30 அன்று கையொப்பமானது. ஆன்டனி பர்ன்ஸ் பாஸ்டனில் அடைபட்டிருந்த அதே வாரம் அது. முப்பத்து நான்கு ஆண்டுகளாக அங்கே அடிமை முறைக்குத் தடையாக நின்ற மிசூரி உடன்பாட்டை அது நீக்கி, டக்ளசின் கொள்கைப்படி முடிவை அங்குள்ள குடியேறிகளிடம் விட்டது. வடக்கிலிருந்து குடியேறிகளை அனுப்பப் பழஞ்சுவடி குறிப்பிட்ட அதே ஏமோஸ் லாரன்ஸ் பொருளுதவி செய்தார். அவர்கள் நிறுவிய ஊருக்கு லாரன்ஸ் என்றே பெயர். மறுபுறம் மிசூரியின் செனட்டராக இருந்த டேவிட் அச்சிசனே ஆட்களைத் திரட்டி எல்லை தாண்டினார். 1855 மார்ச் தேர்தலுக்குச் சற்று முன் எடுத்த கணக்கின்படி தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905 பேர். பதிவான வாக்குகள் 6,307. துப்பாக்கியும் கத்தியும் செருகிக்கொண்டு வந்து வாக்களித்துவிட்டு அன்றே மிசூரிக்குத் திரும்பியவர்கள் பலர். அப்படி அமைந்த சட்டமன்றம், கான்சாஸில் அடிமை வைத்திருக்க உரிமையில்லை என்று பேசினாலோ எழுதினாலோ குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை என்று சட்டம் இயற்றியது. எதிர்த்தரப்பு டொபீக்காவில் தனி அரசு அமைத்தது. வாஷிங்டன் முதல் அரசையே ஏற்றது.

1856 மே மாதத்தின் நான்கு நாட்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மே 21 அன்று அடிமை ஆதரவுப் படை லாரன்ஸ் ஊருக்குள் புகுந்து, அச்சகங்களை நொறுக்கி, விடுதியைப் பீரங்கியால் சுட்டுத் தீவைத்தது. மறுநாள் வாஷிங்டனில், கான்சாஸ் கொடுமைகளைக் கண்டித்து இரண்டு நாட்கள் பேசியிருந்த மாசச்சூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், அவை கலைந்த பின்னும் தம் இடத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த உரையில் அவர் தென் கரோலினாவின் செனட்டர் பட்லரைக் கடுமையாகத் தாக்கியிருந்தார். பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் அவை உறுப்பினருமான பிரெஸ்டன் புரூக்ஸ் அருகே வந்து, தங்கப் பூண் போட்ட கைத்தடியால் அவர் தலையில் அடிக்கத் தொடங்கினார். தரையோடு திருகி இறுக்கப்பட்ட மேசைக்கடியில் சம்னரின் கால்கள் சிக்கிக்கொண்டன. எழ முயன்ற வேகத்தில் மேசையே பெயர்ந்தது. தடி முறிந்த பிறகும் அடி நிற்கவில்லை. நீதிமன்றம் புரூக்சுக்கு விதித்தது 300 டாலர் அபராதம். அவர் பதவி விலகினார். தொகுதி மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தெற்கின் பல ஊர்களிலிருந்து புதிய கைத்தடிகள் பரிசாக வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சம்னரால் அவைக்கு முழுமையாகத் திரும்ப முடியவில்லை. மாசச்சூசெட்ஸ் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்து, அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தது.

மே 24 இரவு பொட்டவாட்டமி ஓடைக்கருகில் ஜான் பிரவுனும் அவர் மகன்களும் கூட்டாளிகளும் அடிமை ஆதரவுக் குடியேறிகள் ஐவரை வீடுகளிலிருந்து இழுத்துச் சென்று வாளால் வெட்டிக் கொன்றார்கள்.

1858 ஆகஸ்டில் நேர்மையான வாக்கெடுப்பு நடந்தபோது, அடிமை முறையை நிலைநிறுத்தும் லெகாம்ப்டன் அரசமைப்பைக் கான்சாஸ் மக்கள் 11,300-க்கு 1,788 என்று தூக்கியெறிந்தார்கள். டக்ளசும் அந்த அரசமைப்பை எதிர்த்தார். தம் கொள்கைக்கு அவர் உண்மையாக இருந்தார் என்று சொல்லியே ஆக வேண்டும். அதற்காகத் தெற்கு அவரைத் துரோகி என்றது. எனவே மேழி அவர்களின் கேள்விக்கு என் விடை: பெரும்பான்மை தங்கள் பக்கம் இருக்கும் வரைதான் அடிமை உடைமையாளர்கள் அந்தக் கொள்கையை ஏற்றார்கள்.

புதுவெள்ளம் எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஜான் பிரவுனைப் பற்றி ஒரு கேள்வி. 1859 அக்டோபரில் அடிமைகளின் கிளர்ச்சியைத் தூண்ட, வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கை அவர் தாக்காமல் இருந்திருந்தால், தெற்கு இவ்வளவு அஞ்சியிருக்காது அல்லவா? ஒரு தனிமனிதரின் வெறி போரை விரைவுபடுத்தியது என்று பலர் எழுதுகிறார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

புதுவெள்ளம் அவர்களுக்கு: பிரவுனோடு சென்றவர்கள் இருபது பேர் சொச்சம். கிளர்ச்சி பரவவில்லை, கர்னல் ராபர்ட் லீ தலைமையில் வந்த கடற்படை வீரர்கள் இரண்டே நாட்களில் அதை அடக்கினார்கள், டிசம்பர் 2 அன்று பிரவுன் தூக்கிலிடப்பட்டார். குடியரசுக் கட்சித் தலைவர்கள் அந்தத் தாக்குதலைக் கண்டித்தார்கள், லிங்கனும் கண்டித்தார். ஆனால் வடக்கின் சில ஊர்களில் அவருக்காக மாதாகோவில் மணிகள் ஒலித்தன. அந்த மணியோசைதான் தெற்கை உலுக்கியது என்று நினைக்கிறேன். அச்சம் முன்பே இருந்தது. அதற்கு ஒரு முகம் கிடைத்தது.

1860 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி மாநாடு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் கூடியபோது தெற்கின் கோரிக்கை என்ன? ஆட்சிப்பகுதிகளில் அடிமைச் சொத்தைக் கூட்டாட்சி அரசே முன்வந்து காக்க வேண்டும் என்பது. டக்ளசின் ஆதரவாளர்கள் மறுத்தார்கள்; ஆழ்தெற்கின் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தார்கள். கட்சி இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. நால்முனைப் போட்டியில் லிங்கன் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைந்த வாக்குகளோடு, தெற்கின் பெரும்பகுதியில் வாக்குச்சீட்டில் பெயர்கூட இல்லாமல், தேர்வாளர் அவையில் 180 இடங்கள் பெற்று வென்றார். தெற்கின் ஒரு வாக்குக்கூட இல்லாமல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது அன்று உறுதியானது.

லிங்கன் தம் பழைய நண்பரும் பின்னாளில், பிரிந்த மாநிலங்கள் அமைத்த தென் கூட்டமைப்பின் துணைத்தலைவருமான அலெக்சாண்டர் ஸ்டீவன்சுக்கு டிசம்பர் 22 அன்று எழுதிய கடிதத்தில், அடிமை முறை சரியானது, விரிவாக்கப்பட வேண்டும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள், அது தவறானது, கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்று நாங்கள் எண்ணுகிறோம், சிக்கல் அதுதான் என்று குறிப்பிட்டார். மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமை முறையில் காங்கிரஸ் ஒருபோதும் தலையிடாது என்று உறுதிதரும் அரசமைப்புத் திருத்தத்தைக்கூட 1861 மார்ச் தொடக்கத்துக்குள் காங்கிரசின் இரு அவைகளும் நிறைவேற்றின. பிரிந்துபோன ஏழு மாநிலங்களில் ஒன்றும் அதற்காகத் திரும்பவில்லை. அவர்கள் அதே மார்ச்சில் தங்களுக்கெனத் தனி அரசமைப்பை ஏற்றார்கள். புதிய ஆட்சிப்பகுதி எது கிடைத்தாலும் அங்கே அடிமை முறையை அவர்களுடைய காங்கிரசும் ஆட்சிப்பகுதி அரசும் அங்கீகரித்துக் காக்க வேண்டும் என்று அது விதித்தது. மார்ச் 21 அன்று சவானாவில் பேசிய ஸ்டீவன்ஸ், வெள்ளையனுக்குக் கறுப்பன் சமமல்லன் என்ற கருத்தே தங்கள் அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார்.

மேழி எழுதியது:

ஒரே ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. அடிமை முறைதான் காரணமென்றால், அடிமை மாநிலங்களான கென்டக்கி, மேரிலாந்து, மிசூரி, டெலவேர் ஆகிய நான்கும் ஏன் ஒன்றியத்திலேயே இருந்தன?

கல்வெட்டு எழுதியது:

இதற்கு 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே விடை தருகிறது, மேழி. முதலில் பிரிந்த தென் கரோலினாவில் மக்களில் 57 விழுக்காட்டினர் அடிமைகள்; இரண்டாவதாகப் பிரிந்த மிசிசிப்பியில் 55. போர் தொடங்கிய இடமான சார்ல்ஸ்டன் துறைமுகத்துச் சம்டர் கோட்டை தாக்கப்படும் முன்பே போய்விட்ட ஏழில் மற்றவை புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ். டெக்சாஸில் 30 விழுக்காடு. மற்ற நான்கிலும் நாற்பதுக்கு மேல். ஏப்ரல் 12-இல் பீரங்கி முழங்கி, லிங்கன் படை திரட்ட அழைத்த பிறகே பிரிந்த வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, ஆர்க்கன்சாஸ் ஆகியவற்றில் அது ஏறத்தாழ கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டது. பிரியாத கென்டக்கியில் ஏறத்தாழ 20, மேரிலாந்தில் 13, மிசூரியில் 10, டெலவேரில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மேரிலாந்திலும் மிசூரியிலும் கூட்டாட்சிப் படையின் கையும் இருந்தது உண்மை. ஆனாலும் சுங்க வரி இப்பதினைந்து மாநிலங்களுக்கும் ஒன்றேதான். மாறியது அடிமைகளின் விகிதம் மட்டுமே. வர்ஜீனியாவுக்குள்ளேயே, அடிமைகள் மிகக் குறைவாக இருந்த மேற்கு மலைப்பகுதி மாவட்டங்கள் மாநிலத்தின் முடிவை ஏற்காமல் தனியே பிரிந்து, 1863-இல் மேற்கு வர்ஜீனியா என்ற பெயரில் ஒன்றியத்தில் சேர்ந்தன.